நாங்க இருக்கோம்

போனில் அந்த மைக் படத்தை அழுத்தப் போகும்போதெல்லாம் இன்றும் என் கட்டைவிரல் ஒரு நொடி நின்றுவிடுகிறது. அதை அழுத்திப் பேசப் பழக்கியவர் எங்கள் டீம் லீடர் மேடம். அவர் சென்னையில், நான் ஆரணியில், பக்கத்து வீட்டுப் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே. ஆன்லைனில் பட்டுப்புடவை விற்கும் கடைக்கு, வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை. எட்டாவதோடு நின்றவள் நான். மேடத்துக்கு டைப் அடித்தால் பிழை வருமே என்று பயம். "டைப் பண்ணாதீங்கக்கா, பேசி அனுப்புங்க. நான் மட்டும்தான் கேப்பேன். மொகம் பாக்காத வேலையில நம்பிக்கதான் ஆபீசு" என்றார்.

நம்பினேன். நெட் நின்றாலும், யாராவது திட்டிவிட்டுப் போனை வைத்தாலும், மகளுக்குக் காய்ச்சல் என்றாலும் அவருக்குத்தான் பேசி அனுப்புவேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வரும்: "நாங்க இருக்கோம்க்கா." என் புலம்பலை அவ்வளவு பொறுமையாகக் கூடப்பிறந்தவர்கள்கூடக் கேட்டதில்லை.

ஒருமுறை மேடமும் டீமில் இருந்த மற்ற மூன்று பெண்களும் எங்கள் ஊருக்கு வந்தார்கள். அன்றுதான் எல்லோரும் நேரில் பார்த்துக்கொண்டோம். சாம்பாரில் உப்பு சரியா, ஃபேன் நின்றுவிடுமா என்று காலையிலிருந்தே எனக்குப் படபடப்பு. இலை போட்டு உட்கார வைத்து, வடை எடுத்து வந்தேன். அவர்களில் வேலூரிலிருந்து வந்த பெண்ணின் போன் அடித்தது. பாட்டு இல்லை, என் குரல்.

"மேடம், கரண்ட் போய்கினு வந்துகினு கீது மேடம். பேஜாரா கீது. என்ன வேலைய உட்டு எடுத்துடுவாங்களா மேடம்?"

அவள் அணைப்பதற்குள் அது மறுபடியும் முதலிலிருந்து கேட்டது.

"சும்மா ஜாலிக்குத்தான்க்கா. எங்க தனி குரூப்ல மேடம் போட்டாங்க, எல்லாருமே வச்சிருக்கோம்" என்றாள். மேடம் இலையைப் பார்த்தபடி, "பாசத்துலதான்க்கா. டென்ஷனா இருந்தா இதக் கேட்டுச் சிரிச்சுப்போம்" என்றார்.

"சாம்பார் ஊத்தட்டுங்களா மேடம்?" என்று கேட்டேன்.

அவர்கள் போன பிறகு, எச்சில் இலைகளை எடுக்கும்போதுதான் அந்தச் சொல் உறைத்தது. 'நாங்க இருக்கோம்.' 'நாம' என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் அந்த 'நாங்க'வுக்குள் என்னையும் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

வேலையை விடவில்லை, விட முடியாது. நேற்று மேடம் கேட்டிருந்தார்: "ஏன்க்கா, இப்பல்லாம் பேசி அனுப்பறதே இல்ல?" கட்டைவிரல் மைக் வரை போய் நின்றது. பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன்: "ஒன்னும் இள்ள மேடம்." பிழை இருப்பது தெரிந்தது. இருக்கட்டும். எழுத்தை யாரும் ரிங்டோனாக வைக்க முடியாது.