உலகப் படத்துக்குப் பின்னால் இருந்த பிரம்பு

வகுப்பு வாத்தியாரின் பிரம்பை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல், கடைசியில் உலகப் படத்துக்குப் பின்னால் செருகியவள் நான்தான். துணியில் ஒட்டிய பெரிய படம். அன்றைக்கென்றே சுருட்டிக் கொண்டுவந்து, ஆம்பூர்ப் பக்கத்து ஆரம்பப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புச் சுவரில் மாட்டியிருந்தோம். நான் செருகியதை முன்வரிசையில் ஒரு பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அப்பா டேனரியில் தோல் அலசுகிறவர்.

எழுபதுகளில் நான் ஆசிரியர் பயிற்சி மாணவி. எங்கள் பயிற்சிப் பள்ளிக்கும் டென்மார்க்கில் ஒரு பயிற்சிப் பள்ளிக்கும் புதிதாகத் தொடர்பு ஏற்பட்டிருந்தது. அங்கிருந்து வந்த டீச்சர் நாங்கள் பாடம் நடத்துவதைப் பார்ப்பார். பிடித்துப்போனால் எங்களில் ஒருத்தி அவர்கள் ஊரில் ஒரு வருடம் படிக்கலாம். அம்மா வேலூரில் நர்ஸ் என்பதால் எனக்கு இங்கிலீஷ் வரும். போகப்போவது நான்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஸ்வெட்டருக்குக் கம்பளி நூல்கூட வாங்கியாகிவிட்டது.

பாடம் ஜோராக நடந்தது. கேள்வி, பதில் எல்லாம் முந்தின வாரமே ஒத்திகை பார்த்தவை. முடிந்ததும் டென்மார்க் டீச்சர் பிள்ளைகளோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இப்போது நீங்கள் என்னைக் கேளுங்கள் என்றார். இதற்கு ஒத்திகை இல்லை. நான் தமிழில் சொன்னதும் முன்வரிசைப் பெண் எழுந்தாள்.

"டீச்சர், உங்க ஊர்லயும் யாராச்சும் வர்ற அன்னிக்கு மட்டுந்தான் அடிக்க மாட்டாங்களா?"

வாசலில் நின்ற எங்கள் பயிற்சிப் பள்ளித் தலைமையாசிரியை என்னை முறைத்தார். எனக்குக் காது சுட்டது. இதே மாதிரி பள்ளிக்கூடம் உங்கள் ஊரிலும் உண்டா என்று கேட்கிறாள் என்று இங்கிலீஷில் சொன்னேன். டென்மார்க் டீச்சர் சந்தோஷமாகத் தலையாட்டினார். நான் அந்தப் பெண்ணிடம் திரும்பி, "அங்கயும் அப்படித்தானாம்" என்றேன். அவள் ஒரு தடவை படத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். வெளியே வந்ததும் தலைமையாசிரியை, "நல்லா சமாளிச்சிட்டே" என்று தோளைத் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

டென்மார்க் போனேன். அந்த ஊர் வகுப்புகளில் பிரம்பு இல்லை. ஒரு பையன், டீச்சர் எழுதியது தப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னான். அவர் அழித்துத் திருத்திக்கொண்டார், அவ்வளவுதான். அடி எனக்கு விழப்போகிறதுபோல் நான் கடைசி பெஞ்சில் குனிந்திருந்தேன். உடம்பு சரியில்லையா என்று டென்மார்க் டீச்சர் கேட்டார். குளிர் என்றேன்.

திரும்பி வந்து அதே ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் பெண் ஐந்தாவதோடு நின்றுவிட்டாள் என்றார்கள். எண்பதுகளின் கடைசியில் அவளே மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தாள். இப்போது ஷூ கம்பெனியில் வேலை. பேசிக்கொண்டே என் வகுப்பு உலகப் படத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், பிரம்பு வெக்கிறதில்லையா? இவனுக்கு சேட்டை ஜாஸ்தி, அடிச்சே சொல்லிக் குடுங்க. அந்த ஊர்லயே அடிக்கிறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

சிரித்து மழுப்பியிருக்கலாம். அன்றைக்கு முடியவில்லை.

"அவங்க அப்படிச் சொல்லலம்மா. நீ கேட்டத நான் அவங்ககிட்ட கேக்கவே இல்ல. அங்க என்னிக்குமே அடிக்கிறதில்ல."

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. படத்தின் ஓரத்தை மெல்ல விட்டாள். "எங்க போனாலும் அடிதான்னு நெனச்சுதான் டீச்சர் நான் நின்னுட்டேன்" என்றாள்.

இப்போது பயிற்சி மாணவிகள் கணினித் திரையிலேயே டென்மார்க் மாணவிகளோடு சேர்ந்து பாடம் தயாரிக்கிறார்கள். ஓய்வு பெற்ற என்னை அனுபவம் சொல்ல அழைத்திருந்தார்கள். அறையில் ஓர் உலகப் படம் தொங்கியது. போய் அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பின்னால் வெறும் சுவர்தான். பதில் சொல்லியிருக்க வேண்டிய டென்மார்க் டீச்சர் இன்று உயிரோடு இல்லை. திரையில் இருந்த டென்மார்க் மாணவிகளைப் பார்த்து, அந்தப் பெண் அன்று கேட்டதை அவள் கேட்டபடியே இங்கிலீஷில் சொன்னேன்.