அம்மா சொன்ன சீரியல்

வீட்டில் டிவியே இல்லை என்பதை ஒரு பட்டம் போலச் சொல்லிக்கொள்பவர்கள் என் அலுவலகத்தில் இருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் போனில் கேம் ஆடிக்கொண்டேதான் அதைச் சொல்வார்கள். எனக்கு டிவியின் மேல் அப்படியொரு கோபம் வந்ததில்லை. சொல்லப்போனால், டிவியில் சத்தமும் வரும் என்பதே வெகுநாள் வரை எனக்கு ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

நாங்கள் திருப்பூர் பக்கம் மங்கலத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எங்கள் வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் விசைத்தறி ஓடினால் இந்தப் பக்கம் தட்டிலிருக்கும் டம்ளர் தானாக நகரும். அப்பா அங்கே தறி ஓட்டினார். அம்மா தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தாள். இருவரும் வேலை முடிந்து வந்து உட்காரும்போது அடுத்த ஷிப்டு ஓடத் தொடங்கியிருக்கும். டிவியை எவ்வளவு கூட்டி வைத்தாலும் ஒன்றும் கேட்காது. அதனால் சத்தம் வைப்பதையே விட்டுவிட்டோம்.

தறிக்குடோனில் இருப்பவர்களுக்கு உதட்டைப் பார்த்தே பேச்சு புரியும். அம்மா அதில் பெரிய கெட்டிக்காரி. சீரியலில் யார் வாயைத் திறந்தாலும், என்ன பேசினார்கள் என்று அப்பாவுக்குச் சொல்வாள். அதுவும் உதட்டாலும் கையாலும்தான். மாமியார் பேசினால் அம்மாவின் கழுத்து விறைக்கும். மருமகள் பேசினால் கண் கலங்கும். அப்பா டிவியைப் பார்த்ததைவிட அம்மாவின் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்கப் போனவன் நான். கல்லூரி விடுதியில் போனில் துப்பாக்கி கேம் ஆடினால் நான்தான் முதலில் செத்துப்போவேன். அறையில் உடனிருந்த திருநெல்வேலிப் பையன் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டான்.

"ஏல, பின்னால வாரவன் காலடிச் சத்தம் கேக்கலையா ஒனக்கு?"

"கேம்ல காலடிச் சத்தம் கேக்குமா?"

அறையே சிரித்தது. நான் அதுவரை போனிலும் சத்தம் வைத்ததில்லை.

இப்போது ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் சுற்றுச்சூழல் பிரிவில் இருக்கிறேன். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கரண்ட், சாயக்கழிவு எங்கே போகிறது என்று வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்கள் கேட்பார்கள். நான் பதில் அனுப்புவேன். நம்பித்தான் செய்கிறேன். சாயம் கலக்கும் ஆற்றைப் பற்றி யாராவது கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு தறியின் சத்தம் சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வந்து என்ன செய்யும் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. அப்பாவின் காது அப்படித்தான் போனது.

வேலை கிடைத்ததும் திருப்பூரில் அமைதியான ஒரு தெருவில் மாடி வீடு பிடித்து அப்பாவையும் அம்மாவையும் அழைத்துவந்தேன். புது டிவி வாங்கினேன். பழையதைக் காயலான் கடையில் போடாமல், மின்கழிவு எடுப்பவர்களைத் தேடிப்போய்க் கொடுத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அப்பாவுக்குக் கேட்கும்படி டிவியை வைத்தால் தெருவுக்கே கேட்டது. கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா என்னை நிறுத்தி, "ஏனுங் தம்பி, உங்க ஊட்டு நாடகத்தை இப்ப நாங்களும் ஒண்ணு விடாம கேக்கறமுங்க" என்றார். காது மிஷின் இரைகிறது என்று அப்பா அதை ஏற்கெனவே கழற்றிப் போட்டிருந்தார். அதனால் டிவியோடு சேரும், வயரில்லாத ஹெட்போன் ஒன்று வாங்கி வந்து மாட்டிவிட்டேன்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கண்ணு, நாடகத்துல அவ மூச்சு உடறதுகூட கேக்குதுடா!" என்று கத்தினார். ஹெட்போனைச் சேர்த்தால் டிவியின் சத்தம் வெளியே வராது. அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அது பழக்கம்தானே.

பிறகு ஒரு பழைய சீரியலை மறுபடியும் போட ஆரம்பித்தார்கள். இந்தியில் எடுத்து, தமிழ்க் குரல் கொடுத்தது. அந்த உதடுகளைப் பார்த்து அம்மா எதையும் புரிந்துகொண்டிருக்க முடியாது. மங்கலத்தில் பார்த்தபோது அந்தக் கதை முழுவதையும் அவளே கட்டிச் சொல்லியிருக்கிறாள்.

அத்தை காங்கேயத்திலிருந்து வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வெளியே வந்தது.

"ஏம்புள்ள, இந்தப் பெரிய மருமவ பால்ல வெசம் வெச்சான்னுதானே சொன்னே?" என்றார் அப்பா. "இவ புருசனுக்கு மருந்தல்லோ கலக்கிக் குடுக்கறா!"

அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அண்ணி, நீங்களே ஒரு சீரியல் எழுதிப்போடலாமுங்க."

"நல்லவளையெல்லாம் கெட்டவளாக்கி, என்னை ஏமாத்திப்போட்டா பாரு இவ!"

அப்பா கேலியாகத்தான் சொன்னார். காது மூடியிருந்ததால் அவர் குரல் கீழ்வீடு வரை போயிருக்கும். நானும் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள்.

அதன் பிறகு அம்மா கதை சொல்லவில்லை. கோபம் என்றால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். கோபமாகத் தெரியவில்லை. டிவி போட்டால் அவளுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். நான் ஜாடை காட்டியதால் அப்பா ஒருமுறை ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"வா புள்ள. இவ என்ன சொல்றான்னு சொல்லு பாக்கலாம்."

"அதான் டிவியே சொல்லுதுங்களே. நான் எதையாச்சும் தப்பாச் சொல்லிப்போடுவனுங்க."

அப்பா சற்று நேரம் அவள் முகத்தையே பார்த்திருந்தார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

அவருக்குக் கேட்க வேண்டும் என்றுதான் வாங்கினேன். கேட்கிறது. அதைப் பிடுங்கி வைப்பது நியாயமில்லை. அந்த இரைச்சலுக்குள் திரும்பிப் போவதும் நடக்காது, போகவும் கூடாது. ஆனால் அவ்வளவு இரைச்சலிலும் விடாமல் பேசிக்கொண்டிருந்த இருவர், ஊசி விழுந்தால் கேட்கிற வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இருப்பதைப் பார்க்கும்போது, இந்த ஒரு சாமானை வாங்கும் முன் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்று தோன்றுகிறது. என்ன யோசித்திருப்பேன் என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் அம்மா அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்தப் பெரிய மருமகளுக்குக் கடைசியில என்னம்மா ஆச்சு?"

"டிவியிலயா கண்ணு? அப்பனைக் கேளு, சொல்லுவாரு."

"இல்லம்மா. நீ சொன்ன கதைல."

அரிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள் என்பது தெரிந்தது.

"மறந்துபோச்சு கண்ணு" என்றாள்.