இடப்பக்கத்துப் பிரேக்

என் வலது கால் சும்மா இருக்காது. கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து மாணவர் சேர்க்கைப் படிவங்களைச் சரிபார்க்கும்போதும் அது மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்து மேசைக்காரர், "அண்ணே, கால கொஞ்சம் நிப்பாட்டுங்க, கம்ப்யூட்டரே ஆடுது" என்பார். நிறுத்துவேன். இரண்டு நிமிடத்தில் மறுபடி ஆடும். கோயிலில் பிரசங்கம் நீளும்போது என் மனைவி தன் கையை என் முழங்காலில் வைத்து அழுத்துவாள். பார்க்கிறவர்கள் பாசம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்தக் காலுக்கு ஏற்ற கார் ஒன்றை நான்கு வருடங்களுக்கு முன் வாங்கினேன். செகண்ட் ஹேண்ட், கருநீலம், பார்க்க அடக்கமான சின்னக் கார். உள்ளே டர்போ பெட்ரோல் என்ஜின். வாங்கிய வாரத்திலேயே அது போதவில்லை. எந்த வண்டி எனக்கு முன்னால் போனாலும் கை அரித்தது. வீட்டில் சாப்பிடும்போதும் போனில் யாரோ ஒருவன் தன் காரை எப்படி வேகமாக்கினான் என்று காட்டும் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்.

காளவாசலில் ஒரு சந்துக்குள் இருக்கிறது நான் வழக்கமாகப் போகும் பட்டறை. மெக்கானிக்குக் கிட்டத்தட்ட என் வயதுதான், ஆனாலும் அண்ணே என்பார். போனில் அம்மாவோடு சௌராஷ்டிர மொழியில் படபடவென்று பேசிக்கொண்டே ஸ்பேனரால் போல்ட்டை இறுக்குவார். அவரிடம்தான் முதலில் என் திட்டத்தைச் சொன்னேன். என்ஜினில் பவர் கூட்ட வேண்டும், பெரிய டயர் போட வேண்டும், பிறகு பிரேக்.

"அப்படியே திருப்பிப் போடுங்கண்ணே" என்றார். "மொதல்ல பிரேக்கு. அப்புறம் டயரு. பவர கடைசில பாப்போம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. பிரேக் மாற்றினால் யாருக்குத் தெரியும்? அதற்குச் செலவழிப்பது கல்யாண வீட்டுக்குப் போய்த் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுத் திரும்புவது போல எனக்குப் பட்டது. அடுத்த சனிக்கிழமையே கோயம்புத்தூருக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒருவர் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் சொருகி, லேப்டாப்பில் என்ஜினின் கணக்குகளை எல்லாம் மாற்றி எழுதினார். ஒரு மணி நேர வேலை. திரும்பும் வழியில், ஒட்டன்சத்திரம் தாண்டி, மூன்றாவது கியரில் மிதித்தபோது முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. காருக்குள் தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

வீட்டில் உண்மையைச் சொல்லவில்லை. "மைலேஜ் கூடுமாம்" என்றேன். மனைவி மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"எம்புட்டு கூடும்?" என்றாள்.

எனக்கு அவசரமாகக் குளிக்கப் போக வேண்டியிருந்தது.

பவர் கூடியதும் பழைய டயர்கள் தாங்கவில்லை. சிக்னலில் மிதித்தால் கீச்சென்று சுழன்று வழுக்கின. சில மாதங்களில் அகலமான, மென்மையான ரப்பர் டயர்கள் போட்டேன். மாட்டிவிட்டு மெக்கானிக், "பிரேக்கு எப்பண்ணே?" என்று கேட்டார். "அடுத்த மாசம்" என்றேன். அந்த அடுத்த மாசம் இரண்டு வருடத்துக்கு மேல் வரவே இல்லை.

தினமும் காலையில் மனைவியைப் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் கல்லூரிக்குப் போவேன். ஆரப்பாளையம் நெரிசலில் கிடைக்கிற சந்திலெல்லாம் காரை நுழைப்பேன். பஸ்ஸின் பின்பக்கம் வரை பாய்ந்து போய்ப் பிரேக் போடுவேன். இடது சீட்டில் அவள் மடியில் பையை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாள். ஒருத்தி சும்மா இருந்தால் அவளுக்கும் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிற புத்தி எனக்கு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவள் ரசிக்கிறாள் என்றுகூட நினைத்திருந்தேன்.

போன வருடம் திருமங்கலத்தில் ஒரு கல்யாணம் முடிந்து நான்கு வழிச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். மத்தியான வெயில். எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார் வழி விடாமல் போனது. அதை நெருங்குவதும் பிரேக் போடுவதும் மறுபடி நெருங்குவதுமாக வந்தேன். கடைசியில் அதைத் தாண்டி முழுசாக மிதித்தபோது, வாடகைச் சேர்களை அடுக்கி ஏற்றிய ஒரு லோடு ஆட்டோ நடுத்திட்டின் இடைவெளியில் திரும்பியது. பிரேக்கை மிதித்தேன். திரும்பத் திரும்ப மிதித்ததில் சூடேறிப் போயிருந்த பிரேக், காலுக்கடியில் மெத்தென்று இறங்கியது. அகல டயர் சாலையைப் பிடித்தது, ஆனால் கார் நிற்கிற வழியாக இல்லை. ஆட்டோவுக்கு ஒரு சாண் பின்னால்தான் நின்றது. பயத்தில் ஆட்டோக்காரர் உலுக்கி நிறுத்தியதில் ஒரு பிளாஸ்டிக் சேர் சரிந்து என் பானட்டில் வந்து விழுந்தது.

நான் இறங்கிக் கத்தினேன். தப்பு என் மேல் இருக்கும்போது என் குரல் இன்னும் பெரிதாக வரும். ஆட்டோக்காரர் சேரை எடுத்துக்கொண்டே, "கையக் காட்டிட்டுத்தானண்ணே திரும்புனேன். ரோடு காலியா கெடந்துச்சு. நீங்க எங்கிட்டிருந்து வந்தீக?" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்தேன். வீடு வரைக்கும் நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினேன்.

திங்கட்கிழமை காலையில் சாவியை எடுத்தபோது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். "நான் பஸ்ல போறேன்" என்றாள்.

ஒரு நாள் கோபம் என்று நினைத்தேன். ஒரு மாதம் போயிற்று. காளவாசல் நிறுத்தத்தில் கூட்டத்தோடு நிற்பாள். நான் மெதுவாகப் பக்கத்தில் போய் ஹாரன் அடிப்பேன். அவள் என் காருக்குப் பின்னால் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பாள். எனக்கு அவமானம் ஒரு பக்கம், அதைவிடப் பெரிய பயம் ஒரு பக்கம். இனி இவள் என் பக்கத்தில் உட்காரவே மாட்டாளோ என்கிற பயம். ராத்திரி சாப்பாட்டில் அது சண்டையாக வெளியே வந்தது.

"வீட்ல கார வச்சுக்கிட்டு பஸ்ல தொங்குற. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

"பஸ்சு நிக்க வேண்டிய எடத்துல நிக்குதுங்க."

மதுரை டவுன் பஸ் நிற்க வேண்டிய இடத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை.

மறுநாளே பட்டறைக்குப் போனேன். பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்க நல்ல பேடு, புது பிரேக் ஆயில், எல்லாம் போடச் சொன்னேன். மெக்கானிக் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன். இரண்டு நாள் வேலை. இரண்டு நாளும் அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அங்கேயே நடந்துகொண்டிருந்தேன். "உக்காருங்கண்ணே, நீங்க நடக்குறதப் பாத்தா எனக்குக் கை ஓடல" என்றார்.

வேலை முடிந்து காரைத் துடைக்கும்போது முன் சீட்டுகளுக்குக் கீழே இருந்த ரப்பர் மேட்டுகளை எடுத்து உதறினார். என் பக்கத்து மேட்டில் குதிகால் படும் இடம் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. ஓட்டுகிறவன் பக்கம் அப்படித்தான் ஆகும். இடது பக்கத்து மேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அதிலும் ஒரு ஓட்டை. வலது குதிகால் ஊன்றும் இடம். காருக்குள் அதற்கு நேர் மேலே, முன்கால் அழுந்தும் சரிவில், கார்பெட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது.

"என்னண்ணே, டிரைவிங் ஸ்கூல் வண்டி மாதிரி இந்தப் பக்கமும் பிரேக் வச்சிருந்தீங்களா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிறகு அந்த மேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு நாள் பயத்தில் ரப்பர் ஓட்டையாகாது. திருமங்கலம் சாலைக்கு முன்பே, ஆரப்பாளையத்தில், ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பின்னால், ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் மிதித்திருக்கிறாள்.

"புது மேட் போட்ருவமா?"

"வேணாம்ப்பா. அதையே போடு."

கிளம்பும்போது ஒரு வேலை சொன்னார். "புது பேடும் டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு பழகணும்ணே. காலி ரோட்டுல அறுபதுக்குப் போயி, பிரேக்க மிதிச்சு இருபதுக்கு இழுங்க. பத்து தடவ. நடுவுல முழுசா மட்டும் நிப்பாட்டிராதீக."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மனைவியிடம் போனேன். பிரேக்கின் அருமை பெருமைகளை எல்லாம் சொல்லி அவளை இடது சீட்டில் உட்கார வைப்பதாகத்தான் திட்டம். ஆனால் சாவியை நீட்டிவிட்டேன். "வா, ஒரு வேலை இருக்கு. வண்டிய நீ ஓட்டு."

"ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள்.

அவள் லைசென்ஸ் வைத்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டது. எங்கள் காரை இரண்டே முறை ஓட்டினாள். இரண்டு முறையும் நான் பக்கத்தில் இருந்து "கிளட்ச், கிளட்ச்" என்று கத்தியதில் விட்டுவிட்டாள். இப்போது சீட்டை முன்னால் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி, நிதானமாகக் கிளப்பினாள். நான் இடது சீட்டில் என் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கீழக்குயில்குடி மலைக்கு வாக்கிங் வருகிறவர்களை எல்லாம் தாண்டி, வயல்களுக்கு நடுவே போகும் சாலைக்கு வந்தோம். கண்ணுக்கெட்டிய வரை ஒருவரும் இல்லை. முறையைச் சொன்னேன். "ஒண்ணு" என்று வகுப்பில் எண்ணுவதுபோல எண்ணினாள். முதல் இரண்டு முறை பயந்து பயந்து மிதித்தாள். மூன்றாவதில் கார் மூக்கைத் தாழ்த்தி, பிடித்து நிறுத்தியதுபோல வேகம் குறைந்தது. அவள் புருவத்தை உயர்த்தினாள்.

"கருகுற வாட வருதே."

"வரும். பயப்படாத."

"நான் பயப்படலியே" என்றாள். ஆறாவது முறை அவள் வேகமெடுத்தபோது என் முதுகு சீட்டோடு ஒட்டியது. எனக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை.

எட்டாவது முறை தூரத்தில் ஒரு பாலமும் வளைவும் தெரிந்தன. அவள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் என் வலது கால் தானாக முன்னே போய் ஓங்கி மிதித்தது. குதிகால் அந்த ஓட்டைக்குள் சரியாகப் போய் உட்கார்ந்தது. முன்கால் வெறும் கார்பெட்டில் அழுந்தியது. கார் அதே வேகத்தில் போனது. பிறகு, தனக்குத் தோன்றிய இடத்தில், அவள் பிரேக்கை மிதித்தாள்.

இருபதில் உருட்டிக்கொண்டே என் காலைக் குனிந்து பார்த்தாள்.

"அங்க ஒண்ணும் இல்லீங்க" என்றாள். "மூணு வருசமா நானும் தேடிப் பாத்துட்டேன்."

பிறகு "எட்டு" என்று எண்ணிவிட்டு, மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.