தெற்கு டிவிஷன் கேசட்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாராவது ஒலிபெருக்கி கட்டினால் தொழிலாளர் குடியிருக்கும் நான்கு லயங்களும் கேட்டுத்தான் தீர வேண்டும். ஜன்னலைச் சாத்தினாலும் தகரக் கூரை வழியாகச் சத்தம் இறங்கும். எண்பதுகளின் கடைசியில் அப்படி எங்கள் காதில் ஊற்றப்பட்ட ஒரு கேசட்டை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

நான் அங்கே செக்ரோல் கிராணி. காலையில் வேலைக்கு வந்த ஆட்களின் பேர் போடுவதும் கொழுந்தின் எடையைக் கூட்டுவதும் என் வேலை. எண்ணாமல் எதையும் விடமாட்டேன். அந்தக் கேசட்டையும் எண்ணினேன். இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்பது பாட்டு, அறுபத்து மூன்று கெட்ட வார்த்தை.

செய்தவர்கள் தெற்கு டிவிஷன் லயத்துப் பையன்கள் மூன்று பேர். தலைவன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். சில மாதம் கோலாலம்பூரில் வேலை பார்த்துவிட்டு ஓர் அமெரிக்கக் கேசட்டோடு திரும்பியிருந்தான். மேளத்துக்கு ஏற்றபடி வேகமாகப் பேசிக்கொண்டே போகிற பாட்டு அது. பாடியவர்களும் அந்த நாட்டின் தெற்குப் பக்கத்துத் தெருக்காரர்களாம், அதனால் தங்களுக்குப் பொருத்தமாம். காலி எண்ணெய் டின்னையும் தப்பையும் தட்டி, ஒரு டேப் ரேடியோவின் முன்னால் கத்திப் பதிந்து, இவர்களும் ஒன்று செய்துவிட்டார்கள். பக்கத்து ஊரான ரிங்லெட்டின் கடைத்தெருவில் அது பிரதி பிரதியாக ஓடியது.

ஒரு பாட்டு, நிறுவையில் கூடையை அடியில் தாங்கிப் பிடித்து எடையைக் குறைக்கும் கங்காணியைப் பற்றி. இன்னொன்று லயத்துக் கக்கூஸைப் பற்றி. இவை இரண்டும் உண்மைதான். தாளமும் இருந்தது. பேர் போடும்போது என் கால் தன்னால் ஆடியதை ஒரு நாள் நானே பார்த்தேன். அதில் வந்த எரிச்சல் தனி. ஆனால் ஆறாவது பாட்டு எங்கள் லயத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது.

அவள் புருஷன் பல வருஷத்துக்கு முன் ஒரு காலையில், பேர் போடும் நேரத்தில், காய்கறி லாரியில் ஏறி இன்னொருத்தியோடு போய்விட்டான். இவள் பின்னாலேயே ஓடினாள். ஒரு செருப்பு கழன்று சேற்றில் நின்றது. வளைவு வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்து கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். மொத்த லயமும் பார்த்தது. பிறகு யாரும் அதைப் பேசவில்லை. இந்தப் பையன்கள் அதைத் தோண்டி எடுத்தார்கள்.

“லாரி ஏறிப் போறான் பாரு,
ஒத்தச் செருப்பு ஓடுது பாரு,
வளைவு வரைக்கும் வாயப் பொளந்தா,
ஈ உள்ள பூந்தது பாரு!”

கடைசியில் மூன்று பேரும் சிரிக்கிற சிரிப்பையும் பதிவு செய்திருந்தார்கள். பெயர் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்தில் பெயர் எதற்கு?

தோட்டம் இரண்டாகப் பிரிந்தது. நிறுவைக் கொட்டகையில் அதே பேச்சு. “கங்காணியக் கிழிச்சிருக்கானுங்கலா, அதுக்காகவே கேக்கலாம்,” என்பார்கள் பறிக்கிற பெண்கள். “அந்தப் புள்ளையப் பாடுனது பாவம்டி,” என்பாள் ஒருத்தி. “பாவம் என்னா பாவம்? நடந்ததத்தானே சொல்றான்,” என்பாள் அடுத்தவள். ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிறவர், நன்றாகப் படித்த மனிதர், என்னிடமே வாதாடினார். “இது நம்ம வாழ்க்கை கிராணியாரே. நம்ம பேச்சு. ரேடியோவுல வர்ற பாட்டுல நாம எங்க இருக்கோம்?”

“சரி, ஒன்பது பாட்டுல துரையைப் பத்தி எத்தனை?” என்று கேட்டேன்.

ஒன்றுமில்லை. தோட்ட மேனேஜரான துரையைப் பற்றி அரை வரி கிடையாது. கங்காணிக்கு மேலே ஏற அந்த வீரர்களுக்குத் துணிச்சல் இல்லை. புருஷன் விட்டுப் போனவள்தான் கைக்கு எட்டினாள்.

அவளுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு மகள். நாற்றங்காலில் வேலை. லயத்துப் பிள்ளைகள் அந்தப் பெண்ணைப் பார்த்து ஒரு காலில் நொண்டிக் காட்ட ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் கோலா தெர்லாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் சொந்த லாரி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். நல்ல நாள். நல்ல நாள் என்பதால் அதே லயத்தில் இன்னொரு வீட்டிலும் காதுகுத்து வைத்து, ஒலிபெருக்கி செட்டுக்கும் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை அம்மாக்காரி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

“ஐயா, நாளைக்கு எல்லாப் பாட்டும் போடட்டும். அத ஒண்ண மட்டும் வேணாம்னு சொல்லுங்க. இவ இந்த எஸ்டேட்ட விட்டுப் போயிட்டாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

ஆம்பிளை என்று உட்கார வீட்டில் ஆளில்லை, நீங்கள் வர வேண்டும் என்றும் கேட்டாள். சம்மதித்தேன்.

காதுகுத்து வீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். “என்னா செய்றது கிராணியாரே, சொந்தக்காரனுங்க எல்லாம் இதத்தான் கேக்குறானுங்க.” செட்டுக்காரனுக்குக் கூடமாட நின்றது அதே தலைவன். “ஒரு பாட்ட வெட்டிட்டுப் போட முடியாது சார். ஆல்பம்னா முழுசாத்தான் கேக்கணும்.” ஆல்பமாம். ஒரு மணி நேரம் பேசி, ஒலிபெருக்கிக் குழாயை லயத்துக்கு முதுகு காட்டி எதிர்மலைப் பக்கம் திருப்புவது என்று முடிவானது. அது என் யோசனைதான்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். பையன், அவன் அம்மா, தாய்மாமன், இரண்டு பெண்கள். மரியாதையான ஆட்களாகத்தான் தெரிந்தார்கள். கேசரியும் வடையும் வைத்தாயிற்று. பெண் ஒரு தட்டில் ஆறு கிளாஸ் டீ கொண்டுவந்தாள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். அப்போது குழாயில் ஆறாவது பாட்டு ஆரம்பித்தது.

திருப்பி வைத்ததால் சத்தம் குறைந்துதான் வந்தது. ஆனால் எதிர்மலை ஒவ்வொரு வரியையும் வாங்கி, ஒரு மூச்சு பொறுத்து, திருப்பி அனுப்பியது. ஒரு தடவை கேட்க வேண்டியதை இரண்டு தடவை கேட்டோம். ஈ இரண்டு முறை உள்ளே போனது. அந்தச் சிரிப்பும் இரண்டு முறை.

மாப்பிள்ளைப் பையன் தொடையில் தாளம் போட்டான். “இது எங்க லாரியில தினம் ஓடும் அத்தே. பெர்த்தாம் வரைக்கும் எல்லா லாரியிலயும் இதுதான்.”

தாய்மாமன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். “அந்தப் பொம்பள இந்த எஸ்டேட்தானாமே? இன்னும் இருக்காளா?”

நான் தொண்டையைக் கனைத்து, மழையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

“நான்தாங்க.”

எழுந்து போவார்கள் என்று நினைத்தேன். அப்படி நடந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பேன், ஆனால் புரிந்திருக்கும். நடந்ததோ வேறு. அவர்கள் முகம் மலர்ந்தது.

“அட! நீங்கதானா அது?” என்றாள் பையனின் அம்மா. உண்மையான சந்தோஷம். “சொல்லவே இல்லியே! எங்க ஊர்ப் பசங்க நம்பவே மாட்டானுங்க!” தாய்மாமன் திட்டமே போட்டுவிட்டார். “கல்யாணத்தன்னிக்கு சம்பந்தியம்மாவ மேடையில நிக்க வச்சு, இந்தப் பாட்டப் போட்டா எப்படி இருக்கும்! மண்டபமே எழுந்து நிக்கும்லா.” பையன் இன்னும் ஒரு படி போனான். “அத்தே, அந்தச் செருப்பு இருக்கா?”

அவர்கள் அவளைக் கேவலப்படுத்த நினைக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக அருவருத்தது. ஒரு மனுஷியின் மானம் போன காலைப்பொழுது அவர்களுக்கு ஒரு பெருமையாகத் தெரிந்தது. அவளும் சிரிக்கப் பார்த்தாள். மகள் கரையேற வேண்டும் என்பதற்காக அந்தச் சிரிப்பை உதட்டில் பிடித்து நிறுத்தப் பார்த்தாள்.

மகள் தட்டோடு வந்தாள். தாய்மாமன் கையிலிருந்த கிளாஸை எடுத்தாள். பையனின் அம்மா வாயருகே கொண்டுபோனதை எடுத்தாள். பையனுடையதை, மற்ற இரண்டு பெண்களுடையதை, வரிசையாக. ஐந்தையும் தட்டில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். என் கிளாஸை மட்டும் விட்டுவைத்தாள். அதை நான் குடிக்கவில்லை.

“என்னா பொண்ணு இது?” என்றார் தாய்மாமன். பெண்ணின் அம்மா மகளைக் கூப்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. அவர்கள் போன பிறகு கேசரித் தட்டுகளை எடுத்துக் கழுவினாள். சம்பந்தம் அன்றோடு முடிந்தது.

அடுத்த வாரம் முழுக்க நிறுவைக் கொட்டகையில் இதுதான். சொந்த லாரி வைத்திருக்கிற மாப்பிள்ளையை ஒரு பாட்டுக்காகத் தள்ளலாமா என்று பாதிப் பேர். தள்ளியது சரி என்று பாதிப் பேர். கேசட் மோசம் என்று மட்டும் இரண்டு பக்கத்திலும் எவரும் சொல்லவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் தலைவன் இரண்டு கூட்டாளிகளோடு அவள் வீட்டு வாசலுக்கு வந்தான். அவள் வேலிப் பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நான் என் வீட்டுப் படியில் நின்றிருந்தேன்.

“அத்தே, தப்பா நினைக்காத. பாப்பா தட்டத் தூக்கிட்டுப் போனது செம விஷயம். அதப் பாட்டாப் போடப் போறோம். கதாநாயகி மாதிரி. உன்னையும் நல்லதாச் சொல்லிடறோம்.”

அவள் கோடரியைக் கீழே வைத்தாள். கத்தவில்லை.

“என்னை நல்லதாவும் பாடாத, கெட்டதாவும் பாடாத. நான் கொழுந்து பறிக்கிறேன், சம்பளம் வாங்குறேன். என் வீட்டுல நடக்குறது என் வீட்டுல இருக்கட்டும்.”

“ஜனங்க கேக்குறாங்க அத்தே.”

“நான் வேணாம்னு சொல்றேன். அது உனக்குக் கேக்கலையா?”

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். இரண்டு மாதத்தில் மகள் ஈப்போவில் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள். மூன்றாம் மாதம் நான் தாப்பாவுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது டிரைவர் புதிய கேசட்டைப் போட்டார். தட்டு, ஐந்து கிளாஸ், அம்மா, மகள், எல்லாம் இருந்தது. புகழ்ச்சிதான். கெட்ட வார்த்தைகூட இரண்டுதான். பஸ்ஸே கைதட்டியது. தட்டியவர்களில் பதினோரு பேர் எங்கள் தோட்டத்து ஆட்கள். அவர்களில் நான்கு பேர், அந்த ஆறாவது பாட்டு பாவம் என்று என்னிடம் சொன்னவர்கள்.

பாட்டு முடியுமுன் பாதி வழியில், ரிங்லெட்டிலேயே இறங்கிவிட்டேன். அடுத்த பஸ் வர வெகுநேரமாயிற்று. மழையில் அதற்காகக் காத்து நின்றுதான் போனேன்.