எறும்பைக் கூடக் கொல்லாதவர்கள்

டெக்ஸாஸில் எங்கள் ஊர்த் தமிழர்களுக்கு கோர்ட்டில் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்காரும் ஜூரி டியூட்டி என்றால் பல்வலி வந்த மாதிரி. சிட்டிசன் ஆன கையோடு கோர்ட்டிலிருந்து அழைப்பு வந்துவிடும். தப்பிப்பது எப்படி என்று ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துகளில் வகுப்பே நடக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு வந்தது கொலை வழக்கு. அரசுத் தரப்பு மரண தண்டனை கேட்டது. எங்கள் வட்டத்தில் மூத்தவரான டாக்டர் அங்கிள் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ரொம்ப ஈஸிம்மா. நாங்க ப்யூர் வெஜிடேரியன், எறும்பைக் கூடக் கொல்ல மாட்டோம்னு சொல்லிடு. மரண தண்டனைக்கு ஓட்டுப் போடாதவங்களை ஜூரில வெச்சுக்க மாட்டான், உடனே வீட்டுக்கு அனுப்பிடுவான். எனக்கும் இதே மாதிரி கேஸ்தான் வந்துச்சு, அப்படித்தான் எஸ்கேப் ஆனேன். கருப்பனுங்க சுட்டுக்கிட்டா நமக்கென்ன?"

நான் எவ்வளவு சாது என்று என் வீட்டுக் கரப்பான்பூச்சிகளைக் கேட்டால் தெரியும். ஆனாலும் ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. எறும்பை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு கறுப்பின டீச்சர், மடியில் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள். எங்களுக்கு முன்னால் போன கறுப்பர்கள் இரண்டு பேரும் போன வேகத்தில் திரும்பி லிஃப்டுக்குப் போனார்கள். அடுத்து டீச்சர் போனார். அவரும் வந்துவிட்டார்.

"மரண தண்டனை கூடாதுன்னு சொன்னீங்களா?" என்றேன்.

"இல்லையே. சட்டப்படி நடப்பேன்னுதான் சொன்னேன். அரசு வக்கீல் வேண்டாம்னுட்டார். எங்க ஆளுங்களுக்கு இது பழக்கம்தான்."

அவர் கோபப்படக்கூட இல்லை. எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது.

உள்ளே குற்றவாளிக் கூட்டில் நிறுத்தப்பட்டவனைப் போல ஒடுங்கி, தொளதொளவென்ற கோட்டில் ஒரு கறுப்பினப் பையன் உட்கார்ந்திருந்தான். அரசு வக்கீல் என் விவரங்களைப் பார்த்தார். இன்ஜினியர், சொந்த வீடு, கோயிலுக்குப் போகிறவள். முகம் மலர்ந்துவிட்டது.

"உங்க சமூகத்துல சட்டத்துக்கு மரியாதை அதிகம். தேவைப்பட்டா மரண தண்டனைக்கு ஓட்டுப் போடுவீங்களா?"

அடப்பாவி, என்னை எந்தக் கணக்கில் சேர்க்கிறான் பார்! எறும்பைச் சொன்னால் நானும் லிஃப்டுக்குப் போய்விடலாம். அப்புறம் இந்தப் பையன் பக்கம் நியாயம் கேட்க உள்ளே யார் இருப்பார்கள்? எறும்பை விழுங்கிவிட்டேன்.

"தேவைன்னு நிரூபிச்சா போடுவேன்." அது பொய்யுமில்லை.

ஜூரியில் ஒரு கறுப்பர்கூட இல்லை. கடையைக் கொள்ளையடிக்கப் போய்க் கடைக்காரரைச் சுட்டது அவன்தான். குற்றவாளி என்று நானும்தான் சொன்னேன். அடுத்த கேள்வியில் அவன் உயிர் இருந்தது: இவன் இனியும் ஆபத்தானவனா? பன்னிரண்டு பேரும் ஆம் என்றால் விஷ ஊசி. ஒருவர் அசையாமல் நின்றாலே ஆயுள் தண்டனைதான் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, நான் அசைவதாக இல்லை.

"இந்த மாதிரி ஆளுங்க மாறவே மாட்டாங்க," என்றார் ஜூரி அறையில் எனக்கு எதிரே இருந்த இன்ஷூரன்ஸ்காரர். "ஒன்பதாவதுலயே சண்டை போட்டு ஸ்கூலை விட்டுத் துரத்தப்பட்டவன்."

"எந்த மாதிரி ஆளுங்க?"

"உங்களுக்கே தெரியும்."

"தெரியாது. சொல்லுங்க."

அவர் முன்னாலிருந்த காகிதங்களைப் புரட்டினார். நான் விடவில்லை.

"என் பையனும் ஒன்பதாவதுதான். போன மாசம் ஒருத்தன் மூக்கை உடைச்சான். பசங்கன்னா அப்படித்தான்னு பிரின்ஸிபால் சிரிச்சுக்கிட்டே அனுப்பிட்டார். அதே வயசு, அதே சண்டை. இவனுக்கு மட்டும் அது எப்படிச் சாகறதுக்குக் காரணமாச்சு?"

பகல் முழுக்க என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான் கோயமுத்தூர்க்காரி, பிடித்தால் உடும்புப்பிடி. சாயங்காலம் நீதிபதி ஆயுள் தண்டனை என்று வாசித்தார். பையனின் அம்மா அழுதார். கடைக்காரரின் மனைவியும் அழுதார். இருவரையும் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. ஆனால் செய்தது சரி என்பதில் அன்றைக்கும் சந்தேகமில்லை, இன்றைக்கும் இல்லை.

அடுத்த பாட்லக்கில் டாக்டர் அங்கிள் தட்டோடு வந்தார்.

"என்னம்மா, ஆளையே காணோம்? எறும்பு ஒர்க் ஆகலையா?"

"சொல்லவே இல்லை அங்கிள். சொல்லியிருந்தா அந்தப் பையனைக் கொன்னிருப்பாங்க."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு வடையை எடுத்தார்.

"உங்க கேஸ்ல இருந்த ஆளுக்கு என்ன ஆச்சு அங்கிள்?"

"எனக்கெப்படிம்மா தெரியும்? நான்தான் வந்துட்டேனே," என்றவர், வடையைக் கடிக்காமல் தட்டிலேயே வைத்தார்.