எட்டாவது ஷரத்தும் இரண்டு புறாக்களும்

மயிலாப்பூர்ப் பக்கம் போனால் இன்றைக்கும் நான் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறேன். குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு வீட்டின் மேல்தளத்தில் நான்கு வருடம் குடியிருந்தோம். கீழே ஹவுஸ் ஓனர் மாமி தனியாக இருந்தார். மேலே அப்பா, அம்மா, நான். எங்களுக்கும் மேலே, மொட்டை மாடியில், அப்பாவின் புறாக்கள்.

அதற்கு முன்பு பட்டினப்பாக்கத்தில் ஒரே அறையில் இருந்தோம். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், பள்ளிக்கூடம் போனதில்லை. சவாரி முடிந்து வந்தால் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் புறாக்கூண்டுக்குத்தான் போவார். நான் கல்லூரியில் சேர்ந்தபோது, "புள்ள படிக்க எடம் வோணும்" என்று மயிலாப்பூரில் வீடு பார்த்தார். அந்த வீட்டில் கதவு வைத்த ஒரு சின்ன அறை இருந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தேன். எனக்கு அந்த வீடு வேண்டும் என்று ஆகிவிட்டது.

வாடகைப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு, ஆட்டோ இன்சூரன்ஸ், எந்தக் காகிதம் வந்தாலும் எங்கள் வீட்டில் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கும் அப்பாவும் அம்மாவும் என் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு ஷரத்தாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். எட்டாவது: பிராணிகள், பறவைகள் எதுவும் வளர்க்கக் கூடாது. கண் அதைப் படித்தது. வாய் ஒன்பதாவதற்குப் போய்விட்டது.

"அவ்ளோதானா?" என்றார் அப்பா.

"அவ்ளோதாம்ப்பா."

நான் சொல்லிக்கொடுத்திருந்த மாதிரியே, ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

திறந்துவிட்டால் புறாக்கள் பட்டினப்பாக்கத்துக்கே பறந்துவிடும் என்பதால், அப்பா ஒரு ஜோடியை மட்டும் கொண்டுவந்து கூண்டிலேயே அடைத்து வைத்திருந்தார். அது இரண்டு குஞ்சு பொரித்தது. "பொறந்த எடந்தான் இதுங்களுக்கு வூடு. எங்க கொண்டு போய் வுட்டாலும் இங்கதான் வரும்" என்றார். மாமிக்கு முட்டி வலி, மாடிப்படி ஏறுவதில்லை. குஞ்சுகள் பறக்கத் தொடங்கிய பங்குனி மாதம்வரை அவருக்கு எதுவும் தெரியாது.

தெரிந்தது, கொல்லையில் காயவைத்த வடாம் மேல் எச்சம் விழுந்த அன்றைக்கு. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறி வந்துவிட்டார். ஒரு கையில் தட்டு, கக்கத்தில் பத்திரம்.

"ஏம்ப்பா, இது நான் பிழிஞ்சதா, உன் புறா பிழிஞ்சதா? பாத்துச் சொல்லு!"

அப்பா தட்டையே பார்த்தார்.

"எட்டாவது பாயிண்ட் என்ன சொல்றது? காலேஜ் போற பிள்ளையை ஆத்துல வெச்சுண்டு இதைக்கூடப் படிக்கலையா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். ஒரே ஒரு தடவை. பிறகு மாமியிடம், "பையன் படிச்சுச் சொன்னாம்மா. நாந்தான் காதுல வாங்கிக்கல" என்றார்.

"மாசக் கடைசிக்குள்ள புறா போகணும். இல்லேன்னா நீங்க போகணும்."

சாப்பிடும்போது, வேறு வீடு பார்க்கலாமா என்றார் அம்மா. "இன்னாத்துக்கு? புள்ளைக்குப் பரீச்சை வருது" என்றார் அப்பா. என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, திருவான்மியூரில் இருந்த ஒரு ஆட்டோக்கார நண்பரிடம் நான்கையும் கொடுக்கப் போனோம். அட்டைப்பெட்டி என் மடியில். அவற்றின் சூடு வழியெல்லாம் தொடையில் தெரிந்துகொண்டே வந்தது.

பத்து நாள் அடைத்து வைத்திருந்து அவர் திறந்துவிட்டார். பெரிய ஜோடி பட்டினப்பாக்கத்துக்கே போய்விட்டதாம். சின்னது இரண்டும் எங்கள் மாடிக்கு வந்துவிட்டன. அப்பா திரும்பக் கொண்டுபோய் விட்டார். "நான் அடையாறு சிக்னல்ல நிக்கசொல்லவே அதுங்க இங்க வந்து குந்திக்கினு கீதுங்க" என்று கூச்சத்தோடு சொன்னார். மூன்றாவது தடவை வந்தபோது, மாமி கொல்லையில் நின்று நெற்றியில் கை வைத்து மேலே பார்த்தார்.

"ஏம்ப்பா, இதுகள் எந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருக்கு? காலி பண்ணவே மாட்டேங்கறதே!"

அப்பா சிரித்துவிட்டார். அந்த மாதத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலையில் கீழே போனேன். மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மாமி, அந்த எட்டாவதை நான் அப்பாகிட்ட சொல்லவே இல்ல. அந்த ரூம் வேணும்னு மறைச்சுட்டேன்."

அவர் கை நிற்கவில்லை. "உங்கப்பா அன்னிக்கு உன்னைப் பாத்தாரே, அப்பவே தெரியும்டா. அவர்கிட்ட சொன்னியோ?"

"இல்ல."

"அப்பறம் என்னண்ட சொல்லி என்ன பிரயோஜனம்? போ, ஒரு பேப்பர் எடுத்துண்டு வா."

மாமி சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினேன். இரண்டு புறாவுக்கு மேல் கூடாது. வடாம் காயும் நாட்களில் கூண்டு மூடியிருக்க வேண்டும். வாரா வாரம் கொல்லையைப் பையன் அலம்பிவிட வேண்டும்.

சாயங்காலம் மாடிக்குப் போனேன். அப்பா புறாக்களுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு எட்டாவதை நான் படிக்கலப்பா."

"தெரியும் நைனா. கையில இன்னா அது? படி."

வரிக்குக் கீழே விரல் வைத்து, ஒரு சொல் விடாமல் படித்தேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்ப்பா."

கையிலிருந்த கம்பைக் கீழே போட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தபா படி" என்றார்.