மண்டபத்துக்காக ஓர் ஆடிக் கல்யாணம்

நான் ஆடி மாதத்தில் கல்யாணம் செய்துகொண்டவள். காதல் அவசரம் என்று சாந்தோமில் சிலர் பேசினார்கள். வேறு அவசரம் என்றும் சிலர் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். அவர்கள் வாயில் மண் விழ. எனக்கு இருந்த அவசரம் ஒரு கட்டடம்.

மயிலாப்பூர் முடிந்து சாந்தோம் தொடங்குகிற இடத்தில், கச்சேரி ரோடிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருந்தது அந்தக் கல்யாண மண்டபம். நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. பர்மா தேக்குத் தூண்கள், வழவழவென்ற சிவப்புத் தரை, கூரைக்குச் சற்றுக் கீழே வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். வசதி இல்லாத வீட்டுப் பெண்களுக்கும் கௌரவமாகக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் தர்மத்துக்கு எழுதிவைத்த கட்டடம். முகூர்த்தம் இல்லாத நாட்களில், சாயங்காலம் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிடுவார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கலாம்.

நான் அப்படிப் படித்தவள். எங்கள் வீடு ஒற்றை அறை. அதில் அப்பாவின் ரேடியோ, அம்மாவின் தையல் மெஷின், தம்பிகள் இரண்டு பேரின் சண்டை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அந்தச் சிவப்புத் தரையில் குப்புறப் படுத்துத்தான் கணக்குப் போட்டேன். பக்கத்தில் படுத்திருந்தவள் மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்தெருப் பெண். பின்னாளில் வக்கீலானாள். நான் கணக்கு டீச்சரானேன். தொண்ணூறுகளில் ஒவ்வொரு சாயங்காலமும் அதே தரையில் குப்பத்துப் பெண்களையும் குளத்தங்கரைப் பெண்களையும் ஒன்றாக உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். மண்டபம் போனால் அந்தப் பெண்களுக்கு வெளிச்சமும் இல்லை, இடமும் இல்லை. படிப்பை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்த அடிமடியில்தான் கை வைத்தார்கள். ஊர் முழுக்க பழைய வீடுகள் விழுந்து அடுக்குமாடி எழுந்துகொண்டிருந்த காலம். மண்டபத்தின் டிரஸ்டி ஒரு பெரியவர். நாங்கள் எல்லோரும் சிறு வயதிலிருந்து மாமா என்றே கூப்பிடுவோம். மண்டபத்தை ஒரு பில்டருக்குக் கொடுத்துவிடுவது என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

"கட்டடம் ஒழுகறதும்மா. என் காலத்துக்கப்பறம் யார் பார்த்துப்பா சொல்லு" என்றார், நான் சண்டைக்குப் போனபோது.

"நாங்க பார்த்துக்கறோம் மாமா."

"நீங்கள்லாம் கல்யாணம் பண்ணிண்டு போயிடுவேள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்று வந்த கோபத்துக்கு இடமே போதவில்லை.

வக்கீலான அந்தத் தோழி கேஸ் போட்டாள். பொதுத் தர்மத்துக்கு எழுதிய சொத்து, கோர்ட் அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது என்பது அவள் கட்சி. ஆனால் இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. விசாரணை ஆவணி முதல் தேதிக்குத் தள்ளிப்போனது. அதுவரை கட்டடம் நின்றாக வேண்டும். இடித்துவிட்டால் அப்புறம் எதற்காக வாதாடுவது?

மாமாவிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டு வருகிறவர்கள் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுவார்கள். அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். வாங்கிவிட்டால் முடிந்தது, அந்தக் கல்யாணம் நடக்கும்வரை மண்டபத்தில் ஓர் ஆணிகூட அசையாது. மனுஷர் மேல் எனக்கு எத்தனை ஆத்திரம் இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வாக்கு என்றால் வாக்குதான். பில்டரிடமும் அதையே சொல்லியிருந்தார்: ஒப்புக்கொண்ட கல்யாணங்கள் முடியட்டும், அப்புறம் இடித்துக்கொள்.

இதைத்தான் தெருவே பிடித்துக்கொண்டது. சித்திரையிலிருந்து ஆனி வரை தட்டு ஏந்திய கூட்டம் ஓயவில்லை. நிச்சயதார்த்தம், சீமந்தம், அறுபதாம் கல்யாணம், காது குத்தல். வீட்டுக் கூடத்தில் பத்துப் பேரோடு முடிக்க வேண்டியதையெல்லாம் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாமாவுக்குப் புரியாமல் இல்லை. ஒரு நாள் வாசலில் பலகை மாட்டிவிட்டார். அவர் கையெழுத்திலேயே சுண்ணாம்பு எழுத்து: ஆவணி முதல் மண்டபம் கிடையாது.

தோழி அதைப் பார்த்துவிட்டு என் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். முகம் செத்துப் போயிருந்தது.

"தீர்ந்துதுடி. ஆனி கடைசி முகூர்த்தம் முடிஞ்ச மறுநாள் கடப்பாரையோட வந்துடுவா."

"பலகையில ஆவணின்னுதானே போட்டிருக்கு? ஆடி என்னாச்சு?"

"ஆடியில எவடி கல்யாணம் பண்ணிப்பா? அதான் அவர் எழுதலை."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கோ உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. மாமா வாழ்நாளில் ஆடியில் கல்யாணத்துக்கு யாரும் வந்து நின்றதில்லை. அதனால் அந்த மாதத்தை மூட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கோ நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை அபிராமபுரத்தில் பாங்கு உத்தியோகம். நாங்கள் கிறிஸ்தவர்கள்; கல்யாணம் ஜனவரியில், எங்கள் பங்குக் கோயிலில் என்று பேச்சு.

"ஆடிக் கடைசி வாரம் நான் பண்ணிக்கிறேன்" என்றேன். ஆடி தொடக்கத்தில் வைத்தால் மறுநாளே இடிப்பார்கள். கடைசியில் வைத்தால் மாதம் முழுக்கக் காப்பாற்றலாம். தோழி என்னை அப்படியே பார்த்தாள். அப்புறம் ஸ்டாஃப் ரூம் என்றுகூடப் பார்க்காமல் கட்டிக்கொண்டு அழுதாள்.

அம்மா ஒப்புக்கொள்வாள் என்று நினைத்தேன். நாம்தான் பஞ்சாங்கம் பார்ப்பதில்லையே.

"பாக்குறதில்ல. அதுக்குன்னு? ஊர் சிரிக்குமாடி, சிரிக்காதா?" என்றாள்.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும்மா."

"உனக்கு இன்னா, நீ புருஷன் வீட்டுக்குப் போயிடுவ. நான்தானே குழாயடியில நின்னுக்கினு பதில் சொல்லணும்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே பெட்டியைத் திறந்து பட்டுப் புடவையை எடுத்து வெயிலில் போட்டாள். சம்மதம் என்று அவள் வாயால் கடைசிவரை சொல்லவில்லை.

மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கட்டடத்துக்காக உங்களைச் சீக்கிரம் கட்டிக்கொள்கிறேன் என்று எந்தப் பெண் சொல்வாள்? அவர் கேட்டுவிட்டு, "ஜனவரிவரைக்கும் காத்திருக்கணுமேன்னு நானே நொந்துபோயிருந்தேன். கட்டடம் நல்லா இருக்கட்டும்" என்றார். அந்த நிமிஷம்தான் எனக்கு அவரை நிஜமாகவே பிடித்தது.

அம்மாவும் நானும் தட்டோடு போனோம். மாமா தேதியைக் கேட்டார். திரும்பவும் கேட்டார்.

"ஆடியிலயா? ஏம்மா, உங்க மனுஷாளுக்கு ஆடி ஆகுமோ?"

"ஆகும் மாமா. பலகையில ஆவணிலேருந்துதான் கிடையாதுன்னு போட்டிருக்கீங்க."

வாசல் பக்கம் பார்த்தார். தன் கையெழுத்தைத் தானே படித்தார். ஆனாலும் விடவில்லை.

"தாலி எங்கே கட்டுவா?"

"கோயில்லதான்."

"அப்போ இங்கே நடக்கறது சாப்பாடுதானே. கல்யாணம் இல்லையே."

இதை நான் யோசிக்கவே இல்லை. அம்மாதான் முன்னால் வந்தாள். "எங்க வீடு ஒரு ரூம்புங்க. பொண்ண ஜோடிச்சு, ஜெபம் சொல்லி, நெத்தியில சிலுவை போட்டு இங்கேர்ந்துதான் கோயிலுக்கு அனுப்பப் போறேன். தாலியோட திரும்பி வந்தா இந்த வாசல்லதான் ஆரத்தி. பொண்ணு புறப்படுற வீடு கல்யாண வீடு இல்லன்னா வேற எது?"

மாமா எழுந்து நின்றார். இரண்டு கையையும் நீட்டினார். "மடப்பள்ளியில மாமிசம் கூடாது" என்று மட்டும் சொன்னார். அம்மா சரி என்று தலையாட்டிவிட்டாள். தெருவுக்கு வந்த பிறகுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. பிரியாணி இல்லாத கல்யாணத்தை எங்கள் சனத்தில் யாரும் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையின் சித்தப்பா வீடு ஏறி வந்துவிட்டார். "ஆடியில கல்யாணம், சரி. கல்யாணத்துல சாம்பாரா? யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டார். மாப்பிள்ளைதான் அவரைச் சமாதானம் செய்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார். பங்குச் சாமியாருக்கு முழு விஷயமும் தெரியும். கோயிலில் மூன்று ஞாயிறும் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை மற்றவர்களுடையதைவிடச் சத்தமாக வாசித்தார்.

ஆடி பிறந்தது. பில்டருக்குப் பொறுக்கவில்லை. இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, பின்பக்கம் சமையல்கட்டின் ஓடுகளை இறக்குகிறார்கள் என்று என் மாணவிகள் ஓடிவந்து சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய புடவையோடு ஓடினேன். ஒரு மூலை ஏற்கெனவே வானம் பார்த்துக் கிடந்தது.

மேஸ்திரி நிதானமாகப் பீடியை அணைத்தார். "இன்னா டீச்சர், மண்டபத்த எவன் தொட்டான்? பின்னாடி கீற அடுப்படிதானே."

"உங்க வீட்டுக் கல்யாணத்துல சோறு ஆகாசத்துலயா வெந்துச்சு? எறங்கச் சொல்லுங்க."

"மொதலாளி சொன்னாருமா. நான் இன்னா செய்ய?"

நான் கத்தின கத்தலில் பக்கத்துத் தெரு முழுக்கக் கூடிவிட்டது. குப்பத்துப் பெண்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள்; மேலே இருந்தவன் இறங்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு மாமா வந்தார். உடைந்த ஓடுகளைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"தாம்பூலம் வாங்கிண்டிருக்கேன்" என்று மேஸ்திரியிடம் சொன்னார். "கல்யாணம் முடியறவரைக்கும் இந்த வாசப்படி மிதிக்கப்படாது. உன் முதலாளிண்ட போய்ச் சொல்லு." ஆட்கள் சாரக்கட்டைகளை அப்படியே முற்றத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். என் பக்கம் திரும்பி, "நீயும் ரொம்பச் சந்தோஷப்படாதே. மறுநாள் இடிப்பேன்" என்றார். மறுநாளில் இருந்து விசாரணைவரை நடுவே நாலைந்து நாட்கள் இருந்தன. அதற்குத் தோழி வேறு வழி வைத்திருந்தாள். எனக்குப் பின்னால் தட்டோடு நின்றது எங்கள் பங்கின் இன்னொரு குடும்பம். குழந்தைக்கு ஞானஸ்நான விருந்து. அதுவும் ஆடிக்குள்தான். அதன்பிறகு ஆடிக் கடைசி நாளுக்கு, முதல் முறை நற்கருணை வாங்கும் பிள்ளைக்கு ஒரு புதுநன்மை விருந்து. அந்தத் தட்டுகளையும் மாமா வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்தன்று வானம் தூறியது. திறந்த சமையல்கட்டின் மேல் குப்பத்து ஆண்கள் பாய்மரத் துணியைக் கட்டினார்கள். குளத்தங்கரை மாமிகள் வாசலில் கோலம் போட்டார்கள். நடுவில் சிலுவை வரைய வேண்டுமா என்று அம்மாவிடம் வெகு மரியாதையாகக் கேட்டுவிட்டு வரைந்தார்கள். வெள்ளைப் பட்டில் நான் அந்தத் தேக்குத் தூண்களுக்கு நடுவே நடந்து கோயிலுக்குப் புறப்பட்டேன். தாலியோடு திரும்பியபோது மண்டபம் கொள்ளாத கூட்டம். பாதிப் பேரை எனக்குத் தெரியாது. அவர்கள் எங்கள் உறவில்லை, கட்டடத்தின் உறவு. சித்தப்பா அவியலைப் பார்த்து இது என்ன காய் என்று கேட்டார், பிறகு பேசாமல் சாப்பிட்டார்.

விசாரணையன்று புது மஞ்சள் சரடோடு கோர்ட்டில் போய் உட்கார்ந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, இது பாழடைந்த கட்டடம், யாரும் உபயோகிப்பதில்லை, உள்ளே போவதே ஆபத்து என்றார். தோழி என் கல்யாணப் போட்டோக்களை எடுத்து நீட்டினாள். இலைகளும் ஜனங்களும் தூணுக்குத் தூண் குழந்தைகளும். நீதிபதி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எப்போ எடுத்தது?"

"போன வாரம்தான் யுவர் ஹானர்."

"ஆடியிலா கல்யாணம்?" என்று கேட்டுவிட்டார் அவர். கோர்ட் முழுக்கச் சிரித்தது. அன்றே தடை கொடுத்தார்: விசாரணை முடியும்வரை விற்கக்கூடாது, இடிக்கக்கூடாது, மண்டபம் வழக்கம்போல் நடக்க வேண்டும். பின்னால் வந்த தீர்ப்பும் எங்கள் பக்கம்தான். ஆனால் எனக்கு வெற்றி என்றால் அன்றைய தினம்தான். தோழியும் நானும் கோர்ட் வாசலில் கரும்புச்சாறு குடித்தோம். சிரிப்பில் பாதி புடவையில் சிந்தியது.

ஆவணிக் கடைசியில் மண்டபத்தில் மறுபடி ஒரு கல்யாணம். பெண் யாரென்றே எனக்குத் தெரியாது. முந்தின நாள் சாயங்காலம், வகுப்பு இல்லை என்று சொல்லியும் என் பெண்கள் போகாமல் வாசலில் மாப்பிள்ளை அழைப்பைப் பார்க்க நின்றிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, முற்றத்தில் கிடந்த சாரக்கட்டைகளை ஏற்றிக்கொண்டு போக பில்டரின் லாரி வந்து, ஏற்றிமுடித்துப் புறப்பட்டது. எதிரே நாதஸ்வரத்தோடு மாப்பிள்ளை கார். தெருவில் இரண்டும் போக வழி இல்லை.

லாரி டிரைவர் தலையை நீட்டி, "காரைக் கொஞ்சம் பின்னாடி எடுக்கச் சொல்லு நைனா" என்றான்.

"மாப்பிள்ளை கார் பின்னாடி போகாது. லாரிதான் போகும்" என்றேன் நான். வாசலில் நின்றிருந்த மாமா அவனைப் பார்த்து, போ என்பது போல் குடையை ஆட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

லாரி பின்வாங்கத் தொடங்கியது. வழி காட்ட ஆள் இல்லை. நான் பின்னால் போய் நின்று கையைத் தூக்கினேன். என் பெண்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றுகொண்டார்கள். "வரட்டும், வரட்டும், இன்னும் வரட்டும்" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்ல, தெருக்கோடிவரை அந்த லாரியைப் பின்னாலேயே அனுப்பிவைத்தோம்.